நம் ஊர் நாலாவுக்கும் ஒரு பதினெட்டாம் பெருக்கு



ரயிலே இல்லாத தீவில் ஒரு ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று நம் சங்கத்து நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. வேலை ஒன்றும் இல்லைதான். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, திருச்சிக் கோட்டத்தில் இருப்புப் பாதையும் பாலமுமாக 35 ஆண்டுகளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் மகன் குடும்பத்தோடு இருக்கலாம் என்று துணைவியாருடன் கப்பலேறி வந்தவன் நான். ஆனால் பழகிய கண் சும்மா இருப்பதில்லை. சாலையில் ஒரு சிறு பாலத்தைக் கண்டால்கூட, மேலே போகும் வண்டியை விட்டுவிட்டு, அடியில் என்ன ஓடுகிறது என்றுதான் குனிந்து பார்க்கிறது. அப்படிக் குனிந்து பார்த்ததில் மனதில் பட்ட ஒரு யோசனையை நம் சங்கத்தின் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் பேத்தியின் பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தலைப்பு, "எங்கள் ஊர் ஆறு".

"தாத்தா, எங்க ஊர் ஆறு எது?" என்று கேட்டாள்.

"இங்கே கடல்தான் கண்ணு உண்டு, ஆறு கிடையாது. நீ காவிரியை வரைஞ்சிடு" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அம்மா மண்டபத்துப் படித்துறை, கரை முட்ட ஓடும் செம்புனல், தென்னை மரங்கள், தலையில் முளைப்பாரியோடு வரும் பெண்கள். அவள் காவிரியை ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு மே மாதத்தில் பார்த்தவள். அன்று அங்கே மணல்தான் இருந்தது. என் சொல்லை நம்பி அந்தக் குழந்தை நிரம்பிய ஆற்றை வரைந்து கொடுத்தாள். ஆசிரியை அதன் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார்: "படம் அழகு. ஆனால் இது எந்த ஊர்?"

வீட்டுக்கு வந்து படத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "தாத்தா, நம்ம வீட்டுக்குப் பின்னால ஓடுற நாலா ஆறு இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. வாழ்நாள் முழுதும் நீரோடைகளைக் கணக்கெடுத்துச் சம்பளம் வாங்கியவன், தன் கொல்லைப்புறத்தில் ஓடியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எண் இல்லாத பாலம் கிடையாது

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. கொள்ளிடத்தின் மேல் போகும் பெரிய பாலமாக இருந்தாலும் சரி, வயல் தண்ணீர் வடிய வைத்த ஒற்றைக் குழாய் மதகாக இருந்தாலும் சரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பாலத்தின் மேலேயே பெயின்டில் எழுதியிருப்போம். பதிவேட்டில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். தண்ணீர் போகும் அகலம் எவ்வளவு, இதுவரை கண்ட அதிகபட்ச வெள்ளம் எந்த மட்டம், எந்த மட்டத்தைத் தாண்டினால் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அபாய மட்டத்தைத் தூணிலேயே சிவப்புக் கோடாகப் போட்டு வைப்போம். மழைக்கு முன்னால் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். மழை முடிந்தபின் மேலதிகாரி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ராக்காவல் ஆள் கையில் விளக்கோடு தண்டவாளத்தின் மேலேயே நடந்துகொண்டிருப்பார்.

இவ்வளவு எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நினைத்ததுண்டு. மூத்த இன்ஸ்பெக்டர்கள் ஒரே சொல்லில் பதில் சொல்வார்கள்: "அரியலூர்." 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகித் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மருதையாறு கங்கையுமல்ல, காவிரியுமல்ல. ஆண்டில் பல மாதம் முழங்கால் நனையாமல் கடக்கக்கூடிய சிற்றாறு. சிறியதுதானே என்று எதையும் விட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை நான் கப்பலேறும்போது திருச்சியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மழை இருந்தும் தாகம்

போர்ட் பிளேயர் என்று நமக்குப் பழகிப்போன இந்நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. பெயர் எதுவானாலும் குழாயடிக் கவலை மாறவில்லை. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. தமிழ்நாட்டின் சராசரி 1000 மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று பங்கு மழை பெய்தும், மாசி பங்குனி வந்தால் நம் வீடுகளில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன; தண்ணீர் விடும் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறோம்.

காரணம் எளியது. இது மலைத் தீவு. மேட்டுக்கும் கடலுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. மண்ணுக்கு அடியிலும் பெரிதாகத் தேங்குவதில்லை. ஆகவே காடும் ஓடையும்தான் நமக்குத் தொட்டி. காடு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஓடை அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 1970-களில் கட்டிய தனிக்காரி அணைதான் இன்றுவரை இந்நகரத்தின் முக்கியமான குடிநீர் ஆதாரம். அதுவும் ஓர் ஓடையை மறித்துக் கட்டியதே.

அதற்கு முந்திய கதை இன்னும் சுவையானது. மாலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு காந்தி பூங்காவுக்குப் போகிறோம் அல்லவா? அங்கே இருக்கும் ஏரிதான் பழைய டில்தாமன் டேங்க். ஒரு காலத்தில் இந்நகருக்கும் சுற்றுப்புறத்துக்கும் குடிநீர் கொடுத்த ஒரே இடம் அதுதான். பிற்பாடு 13 நாட்களில் அதைப் பூங்காவாக மாற்றினார்கள் என்று சுற்றுலாத் துறையே பெருமையோடு சொல்கிறது. பூங்கா நல்லதுதான். ஆனால் பாட்டன்மார் குடித்த தண்ணீர் இது என்று அங்கே ஊஞ்சலாடும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

ஆறே இல்லை என்று நான் பேத்தியிடம் சொன்னதும் பொய்தான். வடக்கு அந்தமானில் சாடில் பீக் மலையிலிருந்து இறங்கி, டிக்லிபூர்ப் பக்கம் கடலில் சேரும் கல்போங் ஆறு இருக்கிறது. அதில் 5.25 மெகாவாட் புனல் மின் நிலையம் 2001 முதல் இயங்கி வருகிறது. தெற்கே கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா, அலெக்சாண்டிரா, டாக்மார் என்று ஆறுகள் உண்டு. ஊருக்கு ஊர் நாலாக்கள் உண்டு. நாம்தான் அவற்றை ஆறு என்று எண்ணவில்லை.

பேத்தியோடு ஒரு நடை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு எங்கள் நாலாவின் ஓரமாக நடந்தேன். மேட்டில் ஆரம்பித்துக் கடல் வரை. குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு நான். நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக அவள்.

மேலே காட்டோரத்தில் கல்லுக்கு இடையில் தண்ணீர் கண்ணாடி போல் ஓடுகிறது. சிறு மீன்கள் இருக்கின்றன. வீடுகள் தொடங்கும் இடத்தில் தண்ணீரின் நிறம் மாறுகிறது. அதற்கும் கீழே பிளாஸ்டிக் பைகள், பழைய செருப்புகள், ஒரு உடைந்த நாற்காலி. இரண்டு பக்கமும் வீடுகளிலிருந்து குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குழாய்களில் ஒன்று என் வீட்டுக் குழாய். வந்த புதிதில், சமையலறைத் தண்ணீர் தேங்குகிறது என்று, என் கையால் சாய்வு பார்த்து நான் போட்டது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. எங்கே போய் விழுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

கீழ்த்தெருவில் இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இதற்குப் பெயர் என்ன என்று இந்தியில் கேட்டேன். "நாலாதான், வேறென்ன?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் அம்மா இதில்தான் குடத்தை முக்கிக் குடிக்க எடுத்து வருவாள்" என்றார். பேத்தி அதையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் அலையாத்தி மரங்களுக்கு நடுவே அது கடலில் கலக்கிறது. வழியில் ஏழு சிறு பாலங்கள். நான் சொன்ன ரயில்வே வழக்கம் அவளுக்குப் பிடித்துவிட்டது. 1 முதல் 7 வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன பார்த்தோம் என்று குறித்து வைத்தாள். நான்காம் எண்ணில் "தாத்தா பைப்" என்று எழுதியிருக்கிறாள். அந்த வாரமே குழாயைத் திருப்பிவிட்டு, கொல்லையில் உறிஞ்சுகுழி வெட்டி, பக்கத்தில் வாழைக்கன்று வைத்தேன். ஆனாலும் அந்தப் பக்கத்தை அவள் அழிக்கவில்லை.

இங்கேயும் ஒரு பெருக்கு

இனி யோசனைக்கு வருகிறேன்.

நம் ஊரில் விழாக்களுக்குக் குறைவில்லை. குளிர்காலத்தில் தீவுச் சுற்றுலா விழா என்று பல ஆண்டுகள் கொண்டாடியிருக்கிறார்கள். மெயின்லேண்டிலிருந்து கலைக்குழுக்கள் வந்து ஆடிப் பாடுவதை நாமும் குடும்பத்தோடு போய்ப் பார்த்திருக்கிறோம். அந்த விழாக்களில் கடல் உண்டு, பவளப்பாறை உண்டு, படகு உண்டு. குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் அங்கே மேடை கிடையாது.

நமக்கோ ஆற்றைக் கொண்டாடத் தனி நாளே இருக்கிறது. ஆடி பதினெட்டு. தஞ்சைப் பக்கம் பதினெட்டாம் பெருக்கு என்போம். பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடுவார்கள். பெண்கள் காதோலை கருகமணி வைத்துப் படைப்பார்கள். சித்ரான்னங்களைக் கட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இங்கே வந்தபின் அதெல்லாம் வீட்டுக்குள் சுருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் துணைவியார் மொட்டை மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார். சிரிக்காதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதைக் கும்பிடுகிறார். அந்தத் தொட்டிக்கு எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வியைத்தான் நாம் யாரும் கேட்கவில்லை.

காவிரிக் கரையிலேயே சில வறண்ட ஆண்டுகளில் ஆடிப் பதினெட்டன்று படித்துறையில் ஷவர் குழாய் வைத்து ஜனங்களைக் குளிக்க வைத்திருக்கிறார்கள். இங்கேயோ ஆடி மாதம் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். எல்லா நாலாவும் பொங்கி ஓடும். பெருக்கு என்ற சொல்லுக்கு அன்று உண்மையாகவே பொருள் இருக்கும் ஊர் நம் ஊர்தான்!

ஒரு கலைவிழாவால் ஓடைக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ராட் ஐலண்டு மாநிலத்தின் தலைநகர் பிராவிடன்ஸ். நகரின் நடுவே ஓடிய ஆறுகளின் மேல் தளம் போட்டு மூடி, வண்டிகள் ஓடவும் நிற்கவும் விட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கே கீழே ஆறு ஓடுவது மறந்துபோகும் அளவுக்கு அகலமான மூடி. பிற்பாடு இருப்புப் பாதையையே இடம் மாற்றி, மூடியை எடுத்து, ஆறுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1994-இல் பார்னபி எவன்ஸ் என்ற கலைஞர் அந்த ஆற்றின் நடுவே இரும்புக் கூடைகளில் விறகுத் தீ மூட்டி, இசையோடு ஓர் இரவு நிகழ்ச்சி நடத்தினார். அது வளர்ந்து ஊரின் திருவிழாவாகிவிட்டது. என்ஜினீயர்கள் ஆற்றைத் திறந்தார்கள். ஜனங்களைக் கரைக்கு அழைத்து வந்தது அந்தத் தீயும் இசையும்தான். என்ஜினீயரான நான் இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

சிங்கப்பூரை நம் வாசகர்கள் பலர் அறிவார்கள். 1977-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் உழைத்துச் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். இன்று அந்தக் கரையில்தான் ஊரே கூடுகிறது. முதலில் சுத்தம், பிறகு விழா. அந்த வரிசையையும் நாம் கவனிக்க வேண்டும்.

சில தடைகள், சில விடைகள்

நண்பர்கள் சொல்லக்கூடிய தடைகளை நானே சொல்லிவிடுகிறேன்.

விழா என்றால் குப்பைதானே மிஞ்சும் என்பார்கள். நியாயமான பயம். நாம் ஆற்றைக் கும்பிட்டுவிட்டு அதிலேயே துணியையும் பிளாஸ்டிக்கையும் விட்டுவந்த ஜனம்தான். ஆகவே ஒரு நிபந்தனை வைப்போம்: தண்ணீரில் எதையும் போடக் கூடாது, பூவைக்கூட. விழாவுக்கு முந்திய இரண்டு ஞாயிறு நாலாவைச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்ய வராதவருக்கு மேடையில் பொன்னாடை கிடையாது!

முதலை இருக்கிறதே என்பார்கள். விளையாட்டில்லை. உவர்நீர்க் கழிகளில் முதலை உண்டு. ஆட்கள் மாண்டதும் உண்டு. ஆகவே கழிமுகத்தில் வேண்டாம், குளியலும் வேண்டாம். மேட்டுப் பகுதியில், சாலையோரப் பாலம் இருக்கும் இடமாகப் பார்த்து, கரைக்கு மேல் நடத்துவோம். மழை வேகமாக ஏறும் என்பதால் ரயில்வே முறைப்படி ஒரு சிவப்புக் கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால் விழாவை அந்த நிமிஷமே சமுதாயக் கூடத்துக்கு மாற்றிவிடலாம். கோடு பார்க்கும் வேலையை என்னிடம் கொடுங்கள்.

இது தமிழர் பண்டிகை, மற்றவர்கள் வருவார்களா என்பார்கள். ஏன் வரமாட்டார்கள்? வங்காளிக் குடும்பங்கள் துர்க்கையைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். பீகார்க் குடும்பங்கள் சத் பூஜைக்குத் தண்ணீரில் நின்று சூரியனைக் கும்பிடுகிறார்கள். மலையாளிகளுக்கு ஓணத்தோடு வள்ளங்களி. நிக்கோபாரிகளுக்கு ஹோடிப் படகு. தண்ணீர் இல்லாத சமூகம் இத்தீவில் எது? பூஜையை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வோம். கரையில் கலை மட்டும் இருக்கட்டும். நம் பங்குக்குக் கும்மியும் வில்லுப்பாட்டும். தலையில் நீர்க்குடம் ஏந்தும் கரகமும் பொருத்தம்தான். அவர்கள் பங்குக்கு அவர்களுடைய படகுப் பாட்டுகள்.

நடுநாயகமாகக் குழந்தைகளின் வேலை இருக்க வேண்டும். ஒவ்வொரு தெருப் பிள்ளைகளும் தங்கள் நாலாவை மேட்டிலிருந்து கடல் வரை நடந்து பார்த்து, படம் வரைந்து, பாலங்களுக்கு எண் போட்டு, முதியவர்கள் சொன்னதை எழுதி, கரையில் மாட்டி வைக்கட்டும். பெயர் இல்லாத நாலாவுக்கு அந்தத் தெரு எல்லா மொழிக்காரரும் கூடி ஒரு பெயர் வைக்கட்டும். குழாய் நீட்டியிருப்பவர்கள் தங்கள் குழாய் எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் விழுகிறது என்பதை அந்தப் படத்தில் தாங்களே குறிக்கட்டும். என் குழாய் ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

கடைசித் தடை கொஞ்சம் கசப்பானது. "நாம் வந்தேறிகள்தானே, இந்த ஊர் ஓடை நமக்கு எதற்கு?" யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் மனதுக்குள் வைத்திருக்கிறோம். நானும் வைத்திருந்தேன். அதனால்தான் பேத்தியின் கையில் என் ஆற்றைத் திணித்தேன். காவிரியை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான். அது என் கடமை. ஆனால் அவளுடைய ஆற்றை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. காவிரியில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அவள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். அவளுக்கு நாளை இது வற்றிப்போனால் தாங்க என் நினைவில் இருக்கும் ஆறு வராது.

வரும் ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. சங்கச் செயற்குழு ஒரு மாலை கூடிப் பேசினால் போதும். பெரிய பந்தல் வேண்டாம், மெயின்லேண்டிலிருந்து பேச்சாளர் வேண்டாம். முதல் ஆண்டு ஒரே ஒரு நாலா, ஒரே ஒரு பாலம் போதும். பாலத்துக்கு எண் எழுத ஒரு டின் மஞ்சள் பெயின்டும் பிரஷும் நான் வாங்கி வைத்துவிட்டேன். பதிவேடு பேத்தியிடம் இருக்கிறது. நகராட்சியிடம் அனுமதி வாங்கச் சங்கத்துக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

அன்பர்கள் ஆவன செய்வார்கள் என்று நம்புகிறேன்.